கேப் கெடைக்கலன்னா என்ன பண்றது: கேப்லாக், ஃபிளின்ட்லாக், இன்லைன், இல்ல வீட்டுலயே கேப் செய்யறதா?

அமெரிக்காவுல கருமருந்துத் துப்பாக்கி வச்சு சுடறவங்ககிட்ட 2020லேர்ந்து ஒரு ரெண்டு மூணு வருஷம் பேசினா மொத கேள்வியே இதான், "உங்க ஊர்ல கேப் இருக்கா?" கடையில துப்பாக்கி இருந்துச்சு, குண்டு இருந்துச்சு, மருந்து கூட தேடினா கெடைச்சுது, ஆனா குழலுக்குள்ள இருக்கற மருந்த பத்த வைக்கற கேப்புங்கற, ஒரு சுண்டு விரல் நுனி அளவு கூட இல்லாத அந்த செம்புக் குப்பி மட்டும் இல்ல. 100 கேப் உள்ள டின் ஒரு காலத்துல 10 டாலருக்குள்ள கெடைச்சது, அப்புறம் தனி ஆளுங்க அத பல மடங்கு வெல சொல்லி வித்தாங்க, அதையும் வாங்கினாங்க. இதுக்குக் காரணம் பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. கேப் செய்யற கம்பெனிங்கதான் இப்பத்திய தோட்டாவுக்கு அடியில இருந்து பத்த வைக்கற பிரைமரும் செய்யுது, தோட்டாவுக்கு டிமாண்ட் எகிறும்போது கேப் வரிசையில பின்னாடி போயிடுது. அதோட ரெமிங்டன் 2020ல திவாலாச்சு, அதோட தோட்டா பிசினஸ வாங்கினது விஸ்டா அவுட்டோர், அவங்ககிட்ட ஏற்கனவே கேப் செய்யற சிசிஐ கம்பெனி இருந்துச்சு. அதாவது அமெரிக்காவுல கேப் செய்யற ரெண்டு பெரிய பேரும் ஒரே வீட்டுக்குள்ள போயிடுச்சு. ஜெர்மனிலேர்ந்து ஆர்டபிள்யூஎஸ் கேப் வரும், நல்ல கேப்புதான், ஆனா அது எப்ப வரும்னு சொல்ல முடியாது.

இப்ப நெலம பரவால்ல. ஆனா ஒரு தடவ நடந்தது இன்னொரு தடவ நடக்கும், அதனால புதுசா ஒரு துப்பாக்கி வாங்கப் போறவங்களும், கையில கேப்லாக் (கேப்பால பத்திக்கற துப்பாக்கி) வச்சுக்கிட்டு டின்ன எண்ணிக்கிட்டு இருக்கறவங்களும் எந்தப் பக்கம் போறதுன்னு யோசிக்கறாங்க. அவங்களுக்காகத்தான் இது. நான் சொல்ல வர்றது ஒரே விஷயம், கருமருந்துத் துப்பாக்கிய தேர்ந்தெடுக்கும்போது குழலையும் மரத்தையும் பாக்கறதுக்கு முன்னாடி, அது எதால பத்திக்குது, அந்தப் பத்தவைக்கற பொருள் அடுத்த அஞ்சு வருஷத்துக்கு உங்க கைக்கு எப்படி வரும்னு பாருங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

ஒண்ண முன்னாடியே சொல்லிடறேன், இங்க பேசறது முழுக்க அமெரிக்கா சங்கதி. அங்க 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கியும் அதே மாதிரி இப்ப செய்யற, குழல் வாய் வழியா மருந்து இடிக்கற நகல்களும் ஃபெடரல் சட்டத்துல பழம்பொருள் வகையில வருது, ஆனா மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற, அத நீங்கதான் பாக்கணும். இந்தியாவுல குழல் வாய் வழியா மருந்து இடிக்கற நாட்டுத் துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டத்துப்படி லைசென்ஸ் வேணும், அதனால இத படிச்சுட்டு ஊர்ல யாரும் எதையும் முயற்சி பண்ண வேணாம்.

எப்படி வேல செய்யுதுன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. ஃபிளின்ட்லாக்ல சுத்தியல் வாயில ஒரு சிக்கிமுக்கிக் கல்ல கட்டியிருப்பாங்க, அது ஃப்ரிசன்னு ஒரு எஃகுத் தகட்ட சொரண்டிக்கிட்டு எறங்கும், அப்ப செதிஞ்சு வர்ற எஃகுத் துகள்தான் பொறியா பறக்கும் (கல்லுலேர்ந்து பொறி வருதுன்னு நெறய பேர் நெனைக்கறாங்க, எரியறது எஃகு), அந்தப் பொறி பக்கத்துல இருக்கற பான்ல வச்ச பொடி மருந்துல விழுந்து, அந்த நெருப்பு குழல்ல இருக்கற சின்ன ஓட்ட வழியா உள்ள பாயும். கேப்லாக்ல அந்தக் கல்லும் பானும் கெடயாது, ஓட்டையுள்ள ஒரு நிப்பிள் மேல கேப்ப மாட்டி சுத்தியலால அடிச்சா கேப்புக்குள்ள இருக்கற மருந்து வெடிச்சு நெருப்பு நேரா உள்ள போகும். இன்லைன்ல அந்த நிப்பிளே குழலுக்கு நேர் பின்னாடி, மூடின எடத்துல இருக்கும், பெரும்பாலும் ஷாட்கன் தோட்டாவுக்கு வர்ற 209 பிரைமர் போடுவாங்க.

கேப் ஏன் வந்துச்சுன்னு பாத்தா அதோட பலம் புரியும். ஸ்காட்லாந்துல பெல்ஹெல்வி ஊர் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவ வேட்டைக்குப் போறவரு, பான்ல பளிச்சுனு நெருப்பு வந்ததும் குண்டு வந்து சேர்றதுக்குள்ள பறவ சுதாரிச்சுக்குதுன்னு அவருக்கு கடுப்பு. அடிச்சா வெடிக்கற மருந்த வச்சு ஒரு லாக் (துப்பாக்கியில பத்த வைக்கற விசை அமைப்பு) செஞ்சு 1807ல பேட்டன்ட் வாங்கினாரு. லண்டன் டவர்ல அவருக்கு வேல செய்ய எடம் குடுத்திருந்தாங்க, மேல அதிகாரி மாறினதும் வெளிய அனுப்பிட்டாங்க, அவரு சாகப்போற காலத்துலதான் அரசாங்கத்துக்கு அவரு ஞாபகம் வந்து பணம் ஒதுக்கினாங்க, 1843ல இறந்துட்டாரு. செம்புக் குப்பி வடிவத்த யாரு மொதல்ல செஞ்சாங்கன்னு பல பேர் உரிம கொண்டாடினாங்க, அதுல ஃபிலடெல்ஃபியாவுல இருந்த ஓவியர் ஜோஷுவா ஷா 1822ல அமெரிக்க பேட்டன்ட் வாங்கினவரு.

1834ல பிரிட்டிஷ்காரங்க வூல்விச்ல ரெண்டையும் வச்சு சுட்டுப் பாத்தாங்க. ஒவ்வொண்ணுலயும் 6,000 தடவ. ஃபிளின்ட்லாக்ல 922 தடவ பத்தல, கேப்ல பத்தாதது 36. இதுக்கு மேல என்ன சொல்லணும். அந்த வித்தியாசம் மழையில எப்படி இருக்கும்னு 1841 மே மாசக் கடைசியில நம்ம பக்கத்து ஆளுங்களே அனுபவிச்சாங்க. முதல் அபினிப் போர், சீனாவுல காண்டன் நகரத்துக்கு வெளிய சான்யுவான்லி பக்கம், 37வது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரியோட ஒரு கம்பெனி (சின்னப் படைப்பிரிவு) இடி மழையில வழி தவறி தனியா மாட்டிக்கிச்சு. சுமார் 60 சிப்பாய்ங்க, கையில ஃபிளின்ட்லாக், எல்லாம் நனைஞ்சு ஊறிப் போச்சு, ஒண்ணும் பத்தல, சுத்தி ஈட்டியோட ஆயிரக்கணக்குல கிராமத்து ஜனங்க. சதுரமா நின்னு பயனட்ட நீட்டிக்கிட்டு தாக்குப் பிடிச்சாங்க. கடைசில அவங்களத் தேடிக்கிட்டு வந்து மீட்டது ராயல் மரீன்ஸ் ரெண்டு கம்பெனி, அவங்க கையில இருந்தது கேப்லாக், அதே மழையில அது சுட்டுச்சு. வூல்விச் சோதன முடிஞ்சு ஏழு வருஷம் ஆகியும் மெட்ராஸ் சிப்பாய் கைக்கு கேப் துப்பாக்கி வரல, அந்த மழையில அதுக்கு வெல குடுத்தது அவங்கதான். சீனாக்காரங்க அந்த சம்பவத்த தங்களோட மக்கள் எதிர்ப்பா இன்னிக்கும் கொண்டாடறாங்க, அதுவும் நியாயந்தான்.

சரி, இப்ப நம்ம முடிவுக்கு வருவோம். கேப்லாக்.

புதுசா வர்றவங்களுக்கு இதுதான் சுலபம், சந்தேகமே இல்ல. மருந்து போட்டு, துணியில சுத்தின குண்ட இடிச்சு, கேப்ப மாட்டி சுட்டா பத்தும். தூறலுக்கு பயப்பட வேணாம். வெலையும் ஃபிளின்ட்லாக்க விட கொறவு, அதே பெடர்சோலி மாதிரி இத்தாலிக் கம்பெனியோட ஒரே மாடல் ரெண்டு விதத்துலயும் வந்தா கேப் உள்ளதுதான் பொதுவா மலிவு. உண்மையான கருமருந்துதான் வேணும்னு இல்ல, பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன் மாதிரி மாத்து மருந்தும் ஓடும், இது ரொம்ப முக்கியம், ஏன்னு கீழ சொல்றேன். ரிவால்வர் வேணும்னா வேற வழியே இல்ல, கோல்ட் 1851 நேவி ஆகட்டும் ரெமிங்டன் 1858 ஆகட்டும் ரெண்டுமே கேப்புதான். (ரிவால்வர்ல எது நல்லதுன்னு கேட்டா நான் ரெமிங்டன் டிசைன சொல்லுவேன், கோல்ட்ல வெடிச்ச கேப் துண்டு சுத்தியல் சந்துல விழுந்து மாட்டிக்கும், அதோட ஃப்ரேமும் மேல்பக்கம் தெறந்தது.)

கேப்லாக்கோட பலவீனம் ஒண்ணே ஒண்ணு, அது கேப். கேப்பு இல்லன்னா அது சுவத்துல மாட்டற சாமான். இத 1830கள்லயே புரிஞ்சு வச்சிருந்தாங்க ராக்கி மலையில பீவர்ங்கற பிராணியோட தோலுக்கு பொறி வச்சவங்க. ஊர்ல எல்லாரும் கேப்புக்கு மாறிக்கிட்டு இருந்தப்ப அவங்கள்ல பல பேர் ஃபிளின்ட்டையே பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க, ஆயிரம் மைல் தள்ளி கேப் டின் தொலஞ்சா எங்க போய் வாங்கறது. வட அமெரிக்கப் பழங்குடிகள்கிட்ட வித்த வியாபாரத் துப்பாக்கிகளும் அதே காரணத்தால ரொம்ப காலத்துக்கு ஃபிளின்ட்டாவே இருந்துச்சு.

கேப்லாக்லயே இருக்கப் போறவங்களுக்கு சைஸ் விஷயம் ஒண்ணு இருக்கு, இதுல பாதி தலவலி தீரும். ரைஃபிளுக்கு பெரும்பாலும் 11ம் நம்பர், ரிவால்வருக்கு 10 இல்ல 11, அமெரிக்க உள்நாட்டுப் போர் காலத்து மஸ்கெட்டுக்கு (நீளமான ராணுவத் துப்பாக்கி) தொப்பி மாதிரி விளிம்பு வச்ச பெரிய மஸ்கெட் கேப். டின் மேல 11னு போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு மயிரிழ வித்தியாசம் இருக்கும், தளர்வா உக்காந்தா கழண்டு விழும், ரொம்ப இறுக்கமா இருந்தா மொத அடியோட வேகம் கேப்ப உள்ள எறக்கறதுக்கே போயிடும், ரெண்டாவது அடியில தான் வெடிக்கும். நெறய பேர் "கேப்பு சரியில்ல"னு திட்டறது இதாலதான். கேப்ப நிப்பிளுக்கு ஏத்த மாதிரி நசுக்கறத விட்டுட்டு, கையில எந்த கேப் நெறய இருக்கோ அதுக்கு ஏத்த நிப்பிள வாங்கி மாட்டிக்கோங்க, பத்து பதினஞ்சு டாலர் சமாச்சாரம். 11ம் நம்பர் போடற பல ரைஃபிளுக்கு மஸ்கெட் கேப் நிப்பிளும் கெடைக்கும், ஒண்ணு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா கடையில எது இருந்தாலும் பொழப்பு ஓடும். தட்டுப்பாடு காலத்துல பல பேர காப்பாத்தினது இந்த சின்ன வேலதான், ஆனா இத யாரும் பெருசா பேசறதில்ல.

ஃபிளின்ட்லாக் பத்தி எனக்கு சொல்ல நெறய இருக்கு, ஏன்னா எனக்கு மனசு அங்கதான் இருக்கு, ஆனாலும் நியாயமா சொல்றேன்.

இதோட பெரிய பலம், பத்தவைக்கற பொருள் ஒரு கல்லு. இங்கிலாந்துல சஃபோக் பக்கம் பிராண்டன் ஊர்லேர்ந்து வர்ற கறுப்புக் கல்லு, ஃபிரான்ஸ்ல மேன் ஊர்ப் பக்கத்துலேர்ந்து வர்ற தேன் நெறக் கல்லு, ரெண்டும் துப்பாக்கிக் கல்லுக்குன்னே பேர் போன எடங்க, நெப்போலியன் போர்ல ரெண்டு பக்கமும் சுட்டது இதுகளாலதான். கல்லு ஒண்ணு ரெண்டு டாலர், மூணு டாலர், சாதாரண தபால்ல வரும். கேப்புக்கு அப்படி இல்ல, ஆன்லைன்ல வாங்கினா ஆபத்தான சரக்குன்னு தனியா கட்டணம் போடுவாங்க, அந்தக் கட்டணமே நாலு டின் வெல வரும். நல்ல லாக்ல ஒரு கல்லு பல டஜன் சூடு தாங்கும், மழுங்கினா விளிம்ப தட்டி கூராக்கிக்கலாம். ஒரு சின்னப் பையில 20 கல்லு வச்சிருந்தா சில வருஷத்துக்குக் கவல இல்ல. எந்த ஃபாக்டரி மூடினாலும் எந்த கம்பெனி கை மாறினாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்ல.

ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன், அது முழு உண்ம இல்ல, அதையும் சொல்லணும். ஃபிளின்ட்லாக்குக்கு உண்மையான கருமருந்துதான் வேணும். மாத்து மருந்தெல்லாம் பத்திக்கறதுக்கு இன்னும் அதிக சூடு கேக்கும், பான் நெருப்புக்கு அது ஒழுங்கா பத்தாது. உண்மையான கருமருந்து சட்டத்துல வெடிபொருள், கடக்காரங்க அத வைக்கறதுக்கு கெடுபிடி அதிகம், அதனால பல ஊர்க் கடையில பைரோடெக்ஸ் இருக்கும் கருமருந்து இருக்காது. 2021ல ஹாட்ஜ்டன் கம்பெனி லூசியானாவுல மின்டன்ல இருந்த கோயெக்ஸ் ஆலைய நிறுத்தறதா சொன்னப்ப ஃபிளின்ட்காரங்க எல்லாம் பதறிப் போனாங்க, அமெரிக்காவுல பெரிய அளவுல கருமருந்து செஞ்சுக்கிட்டு இருந்த எடம் அது, 2022ல எஸ்டஸ்னு இன்னொரு கம்பெனி வாங்கினதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு. ஸ்விஸ், ஷூட்சன்னு வர்ற கருமருந்தெல்லாம் ஐரோப்பாவுலேர்ந்து வரும். ஆக ஃபிளின்ட்டுக்கு மாறினா கேப் கவலைய குடுத்துட்டு மருந்துக் கவலைய வாங்கிக்கறீங்க. ஆனா இதுல ஒரு ஆறுதல், ஃபெடரல் சட்டத்துல தனி ஆளு பழம்பொருள் துப்பாக்கிக்காக, விளையாட்டு பொழுதுபோக்குக்காக கடையில வாங்கின கருமருந்து 50 பவுண்டு வரைக்கும் வச்சுக்கலாம், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன், ஒரு சூட்டுக்கு 70 கிரெய்ன்னு வச்சாலும் 100 சூடு. அஞ்சு பவுண்டு வச்சிருந்தா பெரும்பாலானவங்களுக்கு ஒரு வருஷத்துக்கு தாராளம். (மாநில, தீயணைப்பு விதி இதுக்கும் கம்மியா சொல்லலாம், பாத்துக்கோங்க.)

அடுத்தது பொறும. ஃபிளின்ட்லாக் உங்ககிட்ட வேல கேக்கும். கல்ல தோல்ல சுத்தி சரியா நேரா மாட்டணும், ஃப்ரிசன தொடச்சுக்கிட்டே இருக்கணும், எண்ணெய் பட்ட ஃப்ரிசன்ல பொறி வராது, ஓட்டைய கம்பியால குத்தி சுத்தம் பண்ணணும். புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு பான்ல மருந்த ரொப்பி ஓட்டையையே மூடிடறது, அப்ப நெருப்பு பாயறதுக்கு பதிலா அந்த மருந்து வழியா எரிஞ்சுக்கிட்டே போகணும், விசைய சுண்டினதுக்கும் வெடிக்கறதுக்கும் நடுவுல ஒரு இழுவ வரும், அப்புறம் "ஃபிளின்ட் ஸ்லோ"னு சொல்லுவாங்க. கொஞ்சமா, ஓட்டைக்கு கீழ நிக்கற மாதிரி போட்டா நல்ல லாக்குல கேப்புக்கும் இதுக்கும் வித்தியாசம் காதுக்கு தெரியாத அளவுக்கு வேகமா போகும். முகத்துக்கு முன்னாடி நெருப்பு வர்றப்ப கண்ண சிமிட்டாம குறிய பிடிச்சுக்கிட்டு நிக்க பழகணும், அது ஒரு சீசன் எடுக்கும். அத பழகினவங்க எந்தத் துப்பாக்கிய எடுத்தாலும் நல்லா சுடுவாங்க, இத நான் திரும்பத் திரும்ப பாத்திருக்கேன்.

ஈரம் தான் இதோட எதிரி. மழையில்லன்னாலும் காத்துல ஈரம் இருந்தா பான்ல இருக்கற கரி தண்ணிய இழுத்து கறுப்பு சேறு மாதிரி ஆயிடும், மருந்த அடிக்கடி மாத்தணும், லாக் மேல தோல் உற போடணும். பென்சில்வேனியாவுல கிறிஸ்மஸ் முடிஞ்ச மறுநாள் டிசம்பர் 26லேர்ந்து மான் வேட்டைக்கு ஃபிளின்ட்லாக் மட்டும் அனுமதிக்கற ஒரு சீசன் இருக்கு, 1974ல ஆரம்பிச்சது, பனி, தூறல், உருகற ஐஸ் எல்லாம் சேர்ந்து வர்ற காலம், கேப்லாக்குக்கு அனுமதி இல்ல. அந்த சீசனுக்குப் போகணும்னா இந்தக் கட்டுரைய படிக்கவே வேணாம், ஃபிளின்ட் தான் வாங்கணும், முடிவு சட்டமே எடுத்துடுச்சு.

இன்லைன் பத்தி சுருக்கமா முடிச்சுக்கறேன். டோனி நைட் 1985ல எம்கே-85னு கொண்டு வந்ததுலேர்ந்து வேட்டைக்காரங்க கூட்டமா இந்தப் பக்கம் போயிட்டாங்க, காரணம் புரியக் கூடியதுதான், 209 பிரைமர் சூடு அதிகம், மூடின எடத்துல இருக்கறதால மழ ஏறாது, பைரோடெக்ஸ் உருண்டையையும் பத்த வச்சுடும், டெலஸ்கோப் மாட்டலாம், கழட்டி கழுவ சுலபம். வருஷத்துக்கு ஒரு வாரம் மான் வேட்டைக்குப் போறேன், மத்தபடி இதுல எனக்கு ஈடுபாடு இல்லன்னு சொல்றவங்களுக்கு இதான் சரி. ஆனா 209ம் அதே பிரைமர் ஃபாக்டரியிலேர்ந்துதான் வருது, தட்டுப்பாடு காலத்துல அதுவும் காணாம போச்சு, அதனால கேப் பஞ்சத்துக்குத் தப்பிக்கறதுக்காக இன்லைன் வாங்கறதுல அர்த்தம் இல்ல. சில மாநிலத்துல சில சீசனுக்கு இப்படி மூடின எடத்துல பத்த வைக்கற துப்பாக்கி ஆகாதுன்னு விதி இருக்கு. பழைய காலத்து துப்பாக்கிக்கான போட்டியிலயும் இதுக்கு எடம் இல்ல.

இப்ப நாலாவது வழி. கேப்ப வீட்டுலயே செஞ்சுக்கலாமே.

இத கேக்கறவங்க முட்டாளுங்க இல்ல, குண்ட தானே வார்க்கறவங்க, துணிய தானே வெட்றவங்க, துப்பாக்கியையே கிட் வாங்கி தானே செய்யறவங்க, எல்லாத்தையும் கையால செஞ்ச பழக்கத்துல இதையும் செஞ்சா என்னன்னு தோணும். அந்த ஆசய நான் மதிக்கறேன். ஆனா செய்முற எதையும் நான் இங்க எழுதப் போறதில்ல, யாரையும் அந்தப் பக்கம் போகச் சொல்லவும் மாட்டேன். குப்பி செய்யறது உலோக வேல, அது பிரச்சன இல்ல. உள்ள வைக்கற மருந்துதான் பிரச்சன. கருமருந்து எரியற ஜாதி, அதுக்கு நெருப்பு வேணும். கேப்புக்குள்ள இருக்கறது அடிச்சாலே, உரசினாலே வெடிக்கற ஜாதி, அதுக்காகத்தான் அத கேப்ல வைக்கறாங்க. உங்க சுத்தியலுக்கு வெடிக்கற மருந்து உங்க கரண்டிக்கும் வெடிக்கும், உடம்புல இருக்கற ஸ்டேட்டிக்குக்கும் (உரசலால ஏறற மின்சாரம்) வெடிக்கும். ஃபாக்டரியில அத ஈரமா கையாளறாங்க, கொஞ்சம் கொஞ்சமா, தடுப்புக்குப் பின்னாடி, தரையிலேர்ந்து சட்ட வரைக்கும் ஸ்டேட்டிக் ஏறாத ஏற்பாட்டோட. சமையல் மேசையில அதெல்லாம் கெடயாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்ல, வரலாறு பூரா இருக்கு. அடிச்சா வெடிக்கற பாதரச ஃபல்மினேட்ட பத்தி 1800ல மொதல்ல எழுதின எட்வர்ட் ஹவர்ட் தன்னோட சோதனையிலயே காயப்பட்டாரு, அவரு தேர்ந்த ரசாயனக்காரரு. 1863 மார்ச் 13ம் தேதி ரிச்மண்ட்ல பிரவுன்ஸ் ஐலேண்டுன்னு ஒரு தீவுல உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போன தெற்கு மாநிலங்களோட வெடிமருந்துக் கூடம் வெடிச்சுச்சு. மேரி ரயன்னு 18 வயசுப் பொண்ணு, பீரங்கிக்கான உராய்வு பிரைமர் பலகையில ஒட்டிக்கிட்டுது, எடுக்கறதுக்காக பலகைய தட்டினா. அவ்வளவுதான். 40 பேருக்கு மேல செத்தாங்க, பெரும்பாலும் பொண்ணுங்க, சின்னப் புள்ளைங்க, அந்த மேரியும். அவங்க தெனம் அதே வேலய செஞ்சவங்க, பழகின கை. ஒரே ஒரு தட்டு.

அந்த தெற்கு மாநில அரசாங்கத்தோட கேப் கதையே இந்தக் கேள்விக்கு நல்ல பதில். டென்னசியில டக்டவுன் செம்புச் சுரங்கம் கை நழுவினதும் கேப்புக்கு செம்பு இல்லாம, வட கரோலினாவுல டர்பன்டைனும் பழச் சாராயமும் காய்ச்சற செம்பு வடிகலன்கள சேகரிச்சு தகடு அடிச்சாங்க. ஃபாக்டரி, ரசாயனக்காரங்க, மிஷின், ஆயிரக்கணக்கான கைங்க எல்லாம் வச்சிருந்த ஒரு அரசாங்கமே இந்த ஒரு சாமானுக்காக அந்த பாடு பட்டுச்சு.

உயிராபத்த ஒரு பக்கம் வச்சாலும் கணக்கு ஒத்து வரல. கையால செய்யற கேப் ஒவ்வொண்ணுலயும் மருந்து அளவு ஒண்ணு போல இருக்காது, சிலது பத்தாது, சிலது லேட்டா பத்தும். லேட்டா பத்தறதுதான் மோசம், சுண்டி ஒண்ணும் ஆகலன்னு குழல கீழ எறக்கற நேரத்துல வெடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. சிலது அளவுக்கு மீறி வெடிச்சு செம்புத் துண்டு கண்ணுக்கு நேரா பறக்கும். கலவைய பொறுத்து துருவும் பயங்கரமா பிடிக்கும், அந்தக் காலத்து கேப் சுட்ட துப்பாக்கில நிப்பிள் சுத்தி குழிக் குழியா அரிச்சிருக்கறத எந்த மியூசியத்துலயும் பாக்கலாம். இவ்வளவுக்கும் மிச்சம் ஆகறது ஒரு சூட்டுக்கு சில காசு.

கேப்புக்கு மாத்தா வேற வடிவம் வந்ததும் உண்டு. எட்வர்ட் மேனார்டுன்னு ஒரு பல் டாக்டர் 1845ல ஒரு காகிதச் சுருள் செஞ்சாரு, நடு நடுவுல மருந்து பொட்டு வச்சு, சுத்தியல இழுக்க இழுக்க ஒண்ணொண்ணா முன்னாடி வரும், அப்படியே நம்ம தீபாவளித் துப்பாக்கி ரோல் கேப் தான். அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்ட் 1855 மாடல்ல அத போட்டுப் பாத்துச்சு, காகிதம் ஈரத்துல ஊறி காலை வாரிடுச்சு, 1861 மாடல்ல எடுத்துட்டு சாதா கேப்புக்கே திரும்பிட்டாங்க. பெரிய ஃபாக்டரி செஞ்ச மாத்தே நெலைக்கல.

ஆக என்ன பண்ணலாம்னு கேட்டா நான் ஆளப் பாத்துத்தான் சொல்லுவேன். மொத துப்பாக்கி, மாசத்துக்கு ஒரு தடவ ரேஞ்சுக்குப் போவேன், காகித டார்கெட்டு சுடுவேன், சொல்லிக் குடுக்க பக்கத்துல ஆளு இல்லன்னா கேப்லாக், 50 கேலிபர் (குழல் விட்டம் அர அங்குலம்), 11ம் நம்பர் நிப்பிள். பக்கத்துல கருமருந்து கிளப் இருந்து, ஃபிளின்ட் பழகின ஒரு பெரியவரு கூட நின்னு காட்டுவாருன்னா நேரா ஃபிளின்ட்டுக்கே போங்க, நடுவுல கேப்லாக் வாங்கி அப்புறம் மாறி ரெட்ட செலவு வேணாம். ஆனா ஃபிளின்ட்டுல ஒண்ணு, மலிவு லாக் வாங்காதீங்க. மலிவு கேப்லாக் சுடும், மலிவு ஃபிளின்ட்லாக் உங்கள இந்த பழக்கத்தயே வெறுக்க வச்சிடும், ஃப்ரிசன் எஃகு சரியா பதம் ஏறலன்னா எவ்வளவு நல்ல கல்லு போட்டாலும் பொறி வராது. 1933ல ஆரம்பிச்ச தேசிய மசில் லோடிங் ரைஃபிள் சங்கம் இந்தியானாவுல ஃபிரெண்ட்ஷிப் ஊர்ல நடத்தற போட்டிக்குப் போனா ரெண்டையும் பக்கத்துல நின்னு பாக்கலாம், கேட்டா சுடவும் குடுப்பாங்க, அந்த மாதிரி ஆளுங்கதான் பெரும்பாலும்.

கையில ஏற்கனவே ரெண்டு மூணு கேப்லாக் இருக்குன்னா அத விக்க வேணாம். கடையில இருக்கறப்ப கேப் வாங்கி வைங்க, அது கெட்டுப் போற சரக்கு இல்ல, காஞ்ச எடத்துல அதோட டின்னுலயே, மருந்துகிட்டேர்ந்து தள்ளி வச்சா பல வருஷம் அப்படியே இருக்கும். கணக்கு சுலபம், மாசத்துக்கு 30 சூடுன்னா வருஷத்துக்கு 360, நாலு டின். ரெண்டு வருஷத்துக்கு எட்டு டின். ரிவால்வர் சுடறவங்க இத மூணால பெருக்கிக்கோங்க, ஆறு ஆறா போறதே தெரியாது. அதுக்கு மேல அலமாரி பூரா அடுக்காதீங்க, போன தடவ பஞ்சம் அவ்வளவு மோசமானதுக்கு பாதி காரணம் அதுவும்தான், நம்ம கூட ரேஞ்சுல நிக்கற சின்னப் பசங்களுக்கு ஒரு டின் கூட கெடைக்கல.

எத வாங்கினாலும் இந்த ரெண்டும் மாறாது. சுண்டி பத்தலன்னா குழல டார்கெட் பக்கமே வச்சுக்கிட்டு கொறஞ்சது ஒரு முழு நிமிஷம் அசையாம நில்லுங்க, அப்புறந்தான் வேற கேப்போ புது பொடியோ. கண்ணாடி போடாம சுடாதீங்க, ஃபிளின்ட் சுடறப்ப உங்க வலது பக்கம் யாரும் நிக்க விடாதீங்க, பான் நெருப்பு அந்தப் பக்கந்தான் சீறும்.